மைனரின் வங்கி நேரம்

முதலில் மீன்களுக்குத் தீனி, அடுத்தது போனில் கிரிப்டோ காயின் விலை, பல் தேய்ப்பதெல்லாம் அதற்கப்புறம்தான். ஒரே ஒரு நாள் மைனர் தூக்கக் கலக்கத்தில் முதலில் பல் தேய்த்துவிட்டாள். அன்று மத்தியானத்துக்குள் விலை விழுந்துவிட்டது. அந்த வீழ்ச்சிக்கு உலகத்தில் வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். மைனர் அவற்றை ஏற்பதில்லை.

வேகவைத்த முட்டையின் மஞ்சள்கருவைப் பழைய கைக்குட்டையில் முடிந்து, வாளித் தண்ணீரில் அமிழ்த்திப் பிழிகிறாள். அது மஞ்சள் புகை மாதிரி கீழே இறங்க, கொசு அளவுக் குஞ்சுகள் வந்து மொய்க்கின்றன. வெள்ளைக்கரு அப்பாவுக்கு. "மீன் தின்ன மிச்சம்தான் இந்த வீட்ல எனக்கு" என்று தினமும் சொல்லிவிட்டு, தினமும் அதைத் தின்றுவிடுவார்.

பால்கனியில் மொத்தம் பதினோரு பாத்திரங்கள். பெயின்ட் வாளிகள், பழைய ஃப்ரிட்ஜிலிருந்து கழற்றிய காய்கறித் தட்டுகள், ஐஸ்கிரீம் டப்பாக்கள். எல்லாவற்றிலும் கப்பி மீன்கள். எல்லாவற்றின் மேலும் மார்க்கரில் தேதி. கப்பி முட்டையிடாது, குட்டி போடும். போட்ட கையோடு பசியெடுத்தால் குட்டியைத் தின்றுவிடவும் செய்யும். அதனால் நிறைமாத மீனை முன்கூட்டியே வலைப்பெட்டிக்கு மாற்ற வேண்டும். வயிறு உருண்டையாக இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது, சதுரமாகிவிட்டால் நெருங்கிவிட்டது. மைனர் குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நாளைக்குச் சாயங்காலம்" என்பாள். நாளைக்குச் சாயங்காலம் குட்டிகள் இருக்கும். காயின் விஷயத்தில் அவள் சொன்ன நாள் இன்றுவரை ஒரு தடவைகூடப் பலித்ததில்லை.

வயது பதினேழு முடிந்து எட்டு மாதம். ஒல்லி உடம்பு, மீன் வலை பிடித்துக் காய்த்த விரல், கழுத்தில் எந்நேரமும் தொங்கும் இயர்போன் கம்பி. அந்தக் கம்பிதான் மைனர் செயின் என்பது அப்பாவின் கட்சி.

அவர்தான் பெயர் வைத்தவர். வளர்ப்பு மீன் கடைக்காரர் முதன்முதலில் அவளிடம் மீன் வாங்கிய வாரம் அது. அவள் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கலாம் என்று குடும்பமாக வங்கிக்குப் போனார்கள். கவுன்ட்டரில் இருந்த அம்மாள் தலை நிமிராமலே, "பொண்ணு மைனரா?" என்று கேட்டார். அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவர் அறிந்தவரை மைனர் என்றால் பட்டுச் சட்டையும் தடிச் சங்கிலியுமாக, இருக்கிற சொத்தை அழிப்பதற்கென்றே பிறந்த ஆண்பிள்ளை. "ஆமாங்க, பெரிய மைனர். அழிக்கறதுக்குத்தான் சொத்து இல்ல" என்றார். கவுன்ட்டர் அம்மாள் சிரிக்கவில்லை. படிவத்தில் டிக் அடித்தார். அன்றிலிருந்து வீட்டில் அவளுக்கு வேறு பெயர் கிடையாது. "மைனர் எழுந்தாச்சா?", "மைனர் சாப்பிட்டாச்சா?", "மைனருக்குப் பரீட்சை எப்போ?"

அந்தக் கணக்கு அவள் பெயரில் இருக்கிறதே தவிர, அவள் கையில் இல்லை. காப்பாளர் என்ற இடத்தில் அம்மாவின் கையெழுத்து. தொலைபேசி எண் என்ற இடத்தில் அம்மாவின் எண். அம்மா ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறார். கணக்கில் பணம் விழுந்தால் அவருடைய போன் அதை வாய்விட்டு அறிவிக்கும். அதை நிறுத்தத் தெரியாது என்பார், தெரிந்தாலும் நிறுத்தமாட்டார். வாயைத் திறந்து வைத்தபடி வரிசையாகக் காத்திருக்கும் நோயாளிகள் நடுவே, "நூற்று இருபது வந்து சேர்ந்தது!" என்று போன் கூவும். அடுத்த நிமிடமே மைனருக்கு அழைப்பு வரும்.

"யாருடி நூத்தி இருபது?"

"மீன் கடை அண்ணன்மா."

"நூத்தம்பதுன்னு சொன்னே?"

"ஒரு மீன் செத்துப்போச்சு."

"எப்படிச் செத்துது?"

அந்த மரண விசாரணை முடிய ஐந்து நிமிடமாகும். பல்வலிக்காரர்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

இதற்கு நடுவில்தான் வகுப்பில் கிரிப்டோ பேச்சு அடிபடத் தொடங்கியது. யாரோ ஒருத்தியின் அண்ணன் வாங்கினானாம். வாங்கியது இரண்டு மடங்காயிற்றாம். மைனருக்கு இரண்டு மடங்கு பெரிதாகப் படவில்லை. கப்பி அதைவிட வேகமாகப் பெருகும். அவளை இழுத்தது வேறு: அந்தப் பணம் கூவாது. வந்தாலும் போனாலும் யாருக்கும் எதையும் அறிவிக்காமல், அடக்கமாக ஒரு திரைக்குள் இருக்கும். அப்படி ஒரு பணம் உலகத்தில் உண்டு என்பதே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

செயலியை இறக்கினாள். பிறந்த தேதி கேட்டது, போட்டாள். ஒரு பலூன் படம் வந்தது. 'பதினெட்டு வயதானதும் வாருங்கள், காத்திருக்கிறோம்!' அடுத்த செயலியில் இரண்டு பலூன்கள். மூன்றாவதில் பலூன் இல்லை, பூட்டுப் படம். சரி, வங்கியிலாவது தன் எண்ணைத் தன் கணக்கில் போட முடியுமா என்று போய்க் கேட்டாள்.

"எனக்குப் பதினெட்டு நடக்குது மேடம்."

"நடக்கட்டும்மா" என்றார் கவுன்ட்டர் அம்மாள். "நடந்து முடிஞ்சதும் வா."

மைனர் வீட்டுக்கு வந்து கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகினாள். முடிந்ததும் போய்ப் போட வேண்டிய கையெழுத்து. நான்கு நோட்டுகளின் கடைசிப் பக்கங்கள் இப்படியே நிரம்பியிருக்கின்றன. ஆரம்பத்தில் பெயரை முழுதாக எழுதினாள். பிறகு சுருக்கினாள். இப்போது முதல் எழுத்து மட்டும் தெரியும். மற்றதெல்லாம் ஒரே இழுப்பில் போய், கடைசியில் கப்பி வால் மாதிரி விசிறியாக விரியும். அந்த விசிறி கைக்கு வர ஏழு மாதம் பிடித்தது.

அப்பா கூரியர் நிறுவனத்தில் பார்சல் கொடுப்பவர். பின்னால் பெட்டி கட்டிய வண்டியில் நாளுக்கு அறுபது கதவுகளைத் தட்டுகிறார். வீட்டில் எந்தப் படிவமும் மைனர்தான் நிரப்புவாள். அப்பாவின் போனுக்கு வரும் செய்திகளையும் அவள்தான் படிப்பாள். "அதுல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, நீயே பாத்துச் சொல்லு" என்பார். அவருடைய அடையாள அட்டையின் இரு பக்கமும், வங்கி எண்ணும் அவளுக்கு மனப்பாடம். செயலியில் அப்பா பெயரில் ஒரு கணக்குத் தொடங்க இல்லாமல் இருந்தது அவருடைய முகம் மட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அப்பா சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தபோது போனை நீட்டினாள்.

"அப்பா, இந்த வட்டத்துக்குள்ள மூஞ்சிய வைங்க."

"எதுக்கு?"

அவள் ஒரு பதில் தயாரித்து வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து அது மறந்துவிட்டது.

"கண் டெஸ்ட்" என்றாள்.

"போன்லயேவா!" அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைமுடியைக்கூடக் கோதிக்கொண்டார்.

"கண்ண சிமிட்டுங்க. இன்னொரு தடவை. இடது பக்கம் திரும்புங்க. இப்போ வலது பக்கம். சிரிங்க."

"கண் டெஸ்டுக்கு எதுக்கு சிரிக்கணும்?"

"கண்ணுல சிரிப்பு வருதான்னு பாக்குதுப்பா."

அப்பா கண்ணில் சிரிப்பை வரவழைத்தார். திரையில் பெரிதாக ஒரு பச்சை டிக் விழுந்தது. அவ்வளவு பெரிதாக இருந்ததால் அவருக்கும் அது தெரிந்தது.

"பாஸா?"

"பாஸ்ப்பா."

"எவ்ளோ மார்க்?"

இங்கேதான் மைனர் தவறு செய்தாள். 'பாஸ்' என்பதோடு நிறுத்தியிருக்கலாம். காரியம் முடிந்த சந்தோஷத்தில் தாராளமாகிவிட்டாள். "நூத்துக்கு நூறு."

பள்ளிக்கூடத்தில் ஓவியத்தில்கூட நாற்பதைத் தாண்டாதவர் அப்பா. எதிரே அம்மா காய்ந்த துணி மடித்துக்கொண்டிருந்தார். "கேட்டியா? ஐம்பது வயசுல நூத்துக்கு நூறு" என்றார் அப்பா. மறுநாள் கிடங்கில் எல்லோரிடமும் சொன்னார். அங்கே அவருக்குப் பெயரே 'நூத்துக்கு நூறு' ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு மைனருக்கென்று ஒரு வங்கி நேரம் ஏற்பட்டது. மீன் கடைக்காரரிடம், "அண்ணே, பாதியை அம்மா நம்பருக்குப் போடுங்க, பாதியை அப்பா நம்பருக்குப் போடுங்க" என்று சொல்லிவைத்தாள். அப்பாவின் பாதியைக் காயினாக மாற்ற வேண்டுமானால் அவர் போனுக்கு ஓர் ஓடிபி வரும். அவர் போன் அவர் சட்டைப் பையை விட்டு இறங்குவது குளிக்கும்போது மட்டும்தான். ஆக, வங்கி நேரம் காலை ஆறு ஐம்பது முதல் ஏழு வரை. அப்பா குளியலறையில் இரண்டு பாட்டுப் பாடுவார். முதல் பாட்டு சோப்புக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. முதல் பாட்டின் சரணத்தில் அவள் காயின் வாங்குவாள். இரண்டாவது பாட்டு தொடங்குமுன் செய்தியை அழித்துவிடுவாள். போனைக் கையில் எடுக்கமாட்டாள். அது குளியலறை வாசல் ஸ்டூலின் மேல் இருந்தபடியே இருக்கும்; எதிர்ப்பக்கம் நின்று, தலைகீழாகத் தெரியும் ஆறு எண்களையும் ஒரே பார்வையில் பொறுக்கிவிடுவாள். குட்டி மீன்களை எண்ணிப் பழகிய கண்.

நடையுடையிலும் ஒரு தோரணை வந்துவிட்டது. தக்காளி விலை ஏறிவிட்டது என்று அம்மா புலம்பினால், "ஏறறப்போ விக்கணும்மா" என்பாள்.

"கொதிக்கிற சட்டியில இருக்கு. எடுத்துக் குடுக்கவா, விக்கிறியா?"

காயின் விலை நான்கு வாரம் ஏறியது. அப்புறம் இறங்கத் தொடங்கியது. மைனர் அசரவில்லை. பதினெட்டு முடிந்ததும் எல்லாவற்றையும் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வது என்பது திட்டம். அதற்குள் ஏறிவிடும். தினமும் காலையில் வரிசை தவறாமல் தீனி, விலை, பல்.

அந்தப் பக்கம், நூற்றுக்கு நூறு வாங்கிய கண் வேலையைக் காட்டிக்கொண்டிருந்தது.

முப்பத்து மூன்றாம் எண் வீட்டுக்கு வந்த எடை பார்க்கும் மெஷினை அப்பா முப்பத்தெட்டில் கொடுத்துவிட்டார். முப்பத்தெட்டாம் எண் அம்மாளுக்கு, தான் கேட்காத ஒரு பொருள், அதுவும் அந்தப் பொருள், வந்ததும் முகம் சிவந்துவிட்டது. இது தன் நாத்தனாரின் குத்தல் என்று தீர்மானித்துவிட்டார். இரு குடும்பமும் நான்கு நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தபிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அடுத்த வாரம் ஆறாம் எண்ணுக்குப் போக வேண்டிய குழந்தைத் தொட்டில், எட்டாம் எண்ணில் இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியாருக்குப் போயிற்று. மூன்றாவது புகாருக்குக் காரணம் ஒரு சவுரி முடி. அது எங்கே போயிற்று என்பதை அப்பா இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"அந்த சூப்பர்வைசர் தம்பி கூப்பிட்டு வெச்சுப் பேசிட்டான். கண்ணு தெரியலன்னா வண்டியக் குடுத்துட்டு மூட்டை ஏத்தற பக்கம் போங்கறான். என் இடுப்ப வெச்சுக்கிட்டு மூட்டை ஏத்தறதா? சம்பளமும் அதுல முக்கால்தான்."

"கண்ணத்தான் காட்டிட்டு வாங்களேன்" என்றார் அம்மா.

"காட்டியாச்சே! அதத்தான் அவன்கிட்ட சொன்னேன். தம்பி, ரெண்டு மாசம் முன்னாடிதான் டெஸ்ட் பண்ணேன், நூத்துக்கு நூறுன்னேன். அப்படின்னா திங்கக்கிழமை பத்து மணிக்குள்ள சர்ட்டிஃபிகேட் கொண்டுவாங்கன்னுட்டான்." அப்பா மகள் பக்கம் திரும்பினார். முகத்தில் கவலை தெளிந்திருந்தது. "மைனர், அத மட்டும் ஒரு பிரின்ட் எடுத்துக் குடுத்துடும்மா."

மைனர் "சரிப்பா" என்றாள்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்து, பால்கனியில் வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்து போனில் ஒரு சர்ட்டிஃபிகேட் செய்தாள். அவளுக்கு அது பத்து நிமிட வேலை. மேலே பச்சையில் ஒரு கண். நடுவில் அப்பா பெயர். 'இரு கண்களும் நன்றாக உள்ளன.' கீழே டாக்டர் கையெழுத்து வேண்டுமே? விரலால் திரையில் ஒரு கையெழுத்துப் போட்டாள். ஒரே இழுப்பு. கடைசியில் விசிறியாக விரிந்தது.

ஏழு மாதம் பழகிய கையெழுத்து. அவளுக்கு அது ஒன்றுதான் போடத் தெரியும். எட்டு மாதமாக எந்த வங்கியும் வாங்க மறுத்த கையெழுத்து, முதன்முதலாக ஒரு காகிதத்தில் ஏறி அப்பாவின் சட்டைப் பைக்குள் போகக் காத்திருந்தது.

உள்ளே அப்பா பேப்பரைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துத் தலைப்பை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்.

"பல்லிகளுக்கு நாளை விடுமுறை." சற்று நிறுத்தினார். "பல்லிக்கு எதுக்குடி விடுமுறை? என்ன அச்சடிக்கறானுங்க, ஒரு எழுத்து ஒழுங்கா இல்ல!"

"பள்ளிகளுக்குப்பா" என்று மைனர் பால்கனியிலிருந்தே சொன்னாள். சர்ட்டிஃபிகேட்டை அழித்தாள். பிறகு எழுந்துவந்து, "நாளைக்கு எனக்கு லீவுதான். கண்ணாடிக் கடைக்குப் போலாம்ப்பா. அவங்க குடுக்கற பேப்பர்லதான் முத்திரை இருக்கும்" என்றாள்.

"அதுவும் சரிதான்" என்றார் அப்பா. நூறு வாங்கியவருக்கு இன்னொரு பரீட்சையில் என்ன பயம்?

கண்ணாடிக் கடையின் பின்புறம் ஒடுங்கிய இருட்டறை. கடைக்காரர் அப்பாவை உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கில் வில்லை மாட்டும் இரும்புச் சட்டத்தை ஏற்றினார். அப்பா அதில் ஒரு பழைய கடிகாரம் மாதிரி இருந்தார். எதிர்ச் சுவரில் எண்கள் எரிந்தன.

"கடைசி வரி படிங்க சார்."

"எட்டு, எட்டு, பூஜ்யம், எட்டு, எட்டு" என்றார் அப்பா, தயங்காமல்.

"எல்லாமே எட்டா?"

"அப்படித்தானே எழுதி வெச்சிருக்கீங்க."

கடைக்காரர் ஒரு வில்லையைச் செருகினார். அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்: "மைனர், அன்னிக்கு நான் எந்த வரி வரைக்கும் படிச்சேன்?"

ஓரத்து ஸ்டூலில் இருந்த மைனர் இயர்போன் கம்பியை விரலில் சுற்றினாள்.

"அப்பா, அது கண் டெஸ்ட் இல்ல."

"இதுல நல்லா தெரியுதா, இதுலயா?" என்றார் கடைக்காரர், வில்லையை மாற்றி.

"ரெண்டாவது. பின்ன என்ன டெஸ்ட்?"

"டெஸ்டே இல்லப்பா. உங்க அட்டைய வெச்சு, உங்க மூஞ்சியக் காட்டி, நான் ஒரு கணக்கு ஓப்பன் பண்ணேன். காயின் வாங்கறதுக்கு. கிரிப்டோ. எனக்கு வயசு பத்தலன்னுட்டாங்க."

"இதுலயா, அதுலயா?"

"இருங்க. மூஞ்சியக் காட்டின்னா?"

"சிமிட்டச் சொன்னேனே. சிரிக்கச் சொன்னேனே. அது நீங்கதானான்னு அது பாத்துக்கிச்சு."

"இப்போ சார்?" என்றார் கடைக்காரர்.

"இப்போ எல்லாம் தெளிவா தெரியுது" என்றார் அப்பா. யாரிடம் சொன்னார் என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை, மைனருக்கும் தெரியவில்லை.

போனைக் கேட்டு வாங்கினார். இரும்புச் சட்டத்தைக் கழற்றாமலே, வில்லைகள் வழியாகச் செயலியைப் பார்த்தார். மேலே அவர் பெயர். பக்கத்தில் வட்டத்துக்குள் அவர் படம், கண்ணில் சிரிப்பை வரவழைத்தபடி.

"எனக்கு இவ்ளோ நரைச்சிருச்சா?"



"கீழ ஏன் செவப்பா இருக்கு?"

"இறங்கியிருக்கு. மூணுல ஒரு பங்கு போச்சு."

அப்பா போனைத் திருப்பிக் கொடுத்தார். கண்ணாடிக்கு முன்பணம் கட்டினார். திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கே தருவதாகக் கடைக்காரர் சொன்னார். இருவரும் வண்டியில் வீட்டுக்குத் திரும்பினார்கள். திட்டுவார் என்று மைனர் முதுகுக்குப் பின்னால் தயாராக இருந்தாள். சிக்னலில் வண்டி நின்றது. சிவப்பு விளக்கைப் பார்த்தபடியே கேட்டார்.

"அப்போ நான் ஒரு மார்க்குகூட வாங்கலையா?"

விளக்கு மாறியது. பின்னால் நின்றவர்கள் ஹார்ன் அடித்தார்கள்.

வீட்டில் திட்டும் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டார். "என்னது, கிரிப்டோவா? கிருத்துருவம்னு சொல்லு! அதுக்கு இப்படியெல்லாம் பேரு வெச்சிருக்காங்களா?" மகளுக்குப் பாதி, கணவருக்குப் பாதி. "கேக்கற பக்கமெல்லாம் திரும்பறதா? சிரின்னா சிரிக்கறதா? நாளைக்கு எவனாவது வந்து அழுங்கன்னா அழுவீங்களா?"

"உனக்கு ஒண்ணு வேணும்னா என்னைக் கேக்கக்கூடாதா மைனர்?" என்றார் அப்பா.

"கேட்டா அம்மாகிட்ட சொல்லிடுவீங்க."

அப்பா யோசித்தார். "சொல்லிடுவேன்தான்" என்று ஒப்புக்கொண்டார்.

கண்ணாடிக்கு மீதிப் பணத்தைத் தானே தருவதாக மைனர் சொன்னாள். எல்லாக் காயினையும் விற்றுவிடப் போகிறாள். அப்பா பெயரில் இருக்கும் அந்தக் கணக்கையும் மூடிவிடப் போகிறாள். அம்மாவுக்கு அப்போதும் விடத் தோன்றவில்லை.

"ஏறறப்போதானே விக்கணும்? இப்போ இறங்கியில்ல இருக்கு?"

"அது ஏறறவரைக்கும் பாத்துக்கிட்டிருந்தா, அப்பா வண்டிய விட்டு இறங்கணும்மா."



திங்கட்கிழமை காலை மைனர் முதலில் பல் தேய்த்தாள்.

கண்ணாடிக் கடை திறக்கும்போதே இருவரும் வாசலில் நின்றார்கள். கருப்புச் சட்டமிட்ட கண்ணாடி. அப்பா மாட்டிக்கொண்டு கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். சுவர்க் காலண்டரின் அடியில் அச்சகத்தின் பெயரைப் படித்தார். எதிர்க் கடைப் பலகையின் தொலைபேசி எண்ணைப் படித்தார். கடைக்காரர் முத்திரை குத்திக் கொடுத்த சர்ட்டிஃபிகேட்டை எழுத்து விடாமல் படித்தார்: கண்ணாடியுடன் இரு கண் பார்வையும் சரியாக உள்ளது. "மார்க் போடலையே" என்றார். அந்த வழக்கம் இல்லை என்றார் கடைக்காரர்.

மைனர் செயலியைத் திறந்தாள். எல்லாவற்றையும் விற்கும் பொத்தானை அழுத்தினாள். பெரிய தொகை என்பதால் மீண்டும் முகம் கேட்டது. போனை நீட்டினாள். இந்தத் தடவை எதற்கு என்று அப்பா கேட்கவில்லை. 'கண்ணாடியைக் கழற்றவும்' என்றது திரை.

"இப்போதான் போட்டேன்" என்று முனகிக்கொண்டே கழற்றினார். வட்டம் எங்கே என்று தெரியவில்லை. கொஞ்சம் மேலே, கொஞ்சம் இந்தப் பக்கம் என்று மைனர் நகர்த்தினாள். சிமிட்டினார். திரும்பினார். சிரிக்கச் சொன்னபோது மட்டும் சற்று நேரம் எடுத்துக்கொண்டார், பிறகு சிரித்தார். பச்சை டிக் விழுந்தது.

அடுத்தது ஓடிபி. கடைக்காரரின் கண்ணாடி மேசைமேல் இருந்த அப்பாவின் போன் 'டிங்' என்றது. மைனரின் திரையில் முப்பது நொடிகள் ஓடத் தொடங்கின. மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்ற அவளுக்கு அது தலைகீழாகத் தெரிந்தது. ஒரே பார்வை. ஆறு எண்களும் உள்ளே போய்விட்டன.

"இரு, இரு, நான் படிக்கறேன்" என்றார் அப்பா. கண்ணாடியை மாட்டிக்கொண்டார். போனை அருகே கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார், சரியான தூரத்தைப் பிடித்துவிட்டார். "எட்டு."

மைனர் எட்டை அழுத்தினாள்.

"ரெண்டாவது மூணு." நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "எட்டு இல்ல, மூணு."

மூன்றை அழுத்தினாள். இருபது நொடிகள்.

"அடுத்ததும் மூணுதான். பூஜ்யம். ஆறு." கடைசி எண்ணில் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மறுபடி மாட்டினார்.

எட்டு நொடிகள் இருந்தன. மைனர் கட்டைவிரலை எட்டின் மேல் தொடாமல் பிடித்துக்கொண்டு, அவர் வாயைப் பார்த்தபடி நின்றாள்.